உறங்காப் பொறி: உள்ளீட்டுக் கருவிகளும் கணினியின் ஓய்வும் – ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் இயக்கத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எப்பொறி எவ்வளவு விரைவாக இயங்கிற்று, எத்தனை பேரின் வேலையை ஒருங்கே செய்தது, எவ்வாண்டில் எங்கு முதன்முதல் நிறுவப்பட்டது என்பனவே எழுதுவோர் கவனத்தைக் கவர்ந்தன. ஒரு பொறி எப்போது ஓயவேண்டும், ஓயவேண்டியவிடத்து ஓயாமற் போவதற்குக் காரணம் யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. யூ.எஸ்.பி. எனப்படும் பொது இணைப்பின் வழியாகக் கணினியுடன் பொருத்தப்படும் விசைப்பலகை, சுட்டி, விளையாட்டுப்பிடி முதலியவற்றுள் ஏதேனுமொன்று கணினியை ஓய்வுநிலைக்குச் செல்லவிடாது தடுத்துவிடுதல் இன்று பரவலாகக் காணப்படும் சிறு கோளாறு. அதனைப் பழுதுபார்ப்போர்க்குரிய செய்தியாகவே கருதுவது வழக்கம். எனினும் அதன் வேரைத் தேடிச் செல்வோமாயின், மனிதனின் இருப்பைப் பொறி எவ்வாறு அறிந்துகொள்கிறது என்னும் பெரியதொரு வினாவிற் சென்று முடிவதைக் காணலாம். அவ்வினாவை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கொழும்பின் ஜிந்துப்பிட்டிப் பகுதியைக் களமாக மனத்திற் கொள்ளுதல் பொருத்தமுடையது. 1815 ஆம் ஆண்டில் ஆளுநர் பிரவுண்றிக் காலத்தில் எழுந்த புனித தோமையார் தேவாலயமும், சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் அருகருகே அமைந்த இப்பகுதி, ஒருபுறம் செட்டியார் தெருவின் நகை வாணிகத்தையும் மறுபுறம் கொட்டாஞ்சேனையின் குடியிருப்புகளையும் தொட்டு நிற்கின்றது. 1930 இல் தோன்றிய வீரகேசரி நாளிதழின் பணிமனை அமைந்த கிராண்ட்பாஸ் வீதியும் தொலைவிலில்லை. தலைநகரின் தமிழ் அச்சுத்தொழில் செழித்த வட்டாரம் இது. ஈய எழுத்துகளைக் கைகளாற் கோத்த அச்சுக்கூடங்கள் காலப்போக்கிற் கணினியை ஏற்றுக்கொண்டன. கணக்கப்பிள்ளையின் பேரேடும் கணினிக்குள் புகுந்தது. பெருநிறுவனங்களைப் போலத் தனியொரு தொழினுட்பப் பிரிவை வைத்துக்கொள்ள இயலாத சிறு தொழிலகங்கள் செறிந்த இத்தகைய சூழலிலேதான், இரவு முழுவதும் உறங்காத கணினியின் செலவு உள்ளபடி உணரப்படுகின்றது.

கணினிக்கு முன்னர் தமிழருக்கு வாய்த்த உள்ளீட்டுக் கருவி தட்டச்சுப் பொறியாகும். யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886 இற் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ் எழுத்துகளுக்கேற்ற விசைப்பலகையை வகுத்தார் என்பதும், அவரமைத்த முறையிலான பொறிகள் ஜேர்மனியின் திரெஸ்டன் நகரிலிருந்த நிறுவனமொன்றால் உற்பத்தி செய்யப்பட்டன என்பதும் யாவரும் அறிந்தவை. அவரது அமைப்பிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது நகரா விசை என்பதாகும். ஏனைய விசைகளை அழுத்தியதும் தாளைத் தாங்கிய வண்டி ஓரிடம் நகர்ந்துவிடும். ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி, இகரக் கொம்பு போன்ற குறிகளுக்குரிய விசைகள் தாளிற் பதிந்தும் வண்டியை நகர்த்தா. அடுத்துவரும் எழுத்து அதேயிடத்தில் வந்து பொருந்தும். விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தி வேறு, அதன் விளைவாக வண்டி நகரவேண்டும் என்னும் முடிபு வேறு என்பதை முத்தையா தெளிவாகப் பிரித்துணர்ந்திருந்தார் எனலாம். செய்தியையும் முடிபையும் இவ்வாறு பிரித்து நோக்குதல் பின்னர் நாம் ஆராயப்போகும் கோளாற்றுக்கு மிக நெருங்கிய தொடர்புடையது.

தட்டச்சுப் பொறிக்கு ஓய்வு பற்றிய சிக்கலே எழவில்லை. அதனை இயக்கிய ஆற்றல் தட்டச்சாளரின் விரல்களிலிருந்து வந்தது. கை விலகியதும் பொறி தானே நின்றது. கணினியின் நிலை முற்றிலும் மாறானது. அது மின்னாற்றலைத் தொடர்ச்சியாக உண்டு இயங்குவது. எதிரே மனிதன் இருப்பினும் இல்லாதொழியினும் இயங்கிக்கொண்டே இருப்பது. ஆதலால் மனிதன் விலகிவிட்டான் என்பதை அது ஏதோவொரு வகையில் ஊகித்தறிய வேண்டியதாயிற்று. ஊகத்துக்கு இடமிருக்கும் இடத்திற் பிழைக்கும் இடமுண்டு.

தொடக்கத்தில் இவ்வூகம் மின்சிக்கனத்திற்காக எழுந்ததன்று. பழைய கதோட்டுக் குழாய்த் திரைகளில் ஒரே காட்சி நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு திரையிற் பதிந்துவிடும். இதனைத் தவிர்க்கும்பொருட்டு, விசைப்பலகை சிறிதுநேரம் தொடப்படாதிருந்தால் திரையை இருளச் செய்யும் நிரலொன்றை ஜோன் சோச்சா என்பவர் 1983 டிசெம்பரில் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். 'குறித்த நேரம்வரை உள்ளீடு இல்லையாயின் ஆளில்லை' என்னும் எளிய விதி இவ்வாறு வழக்கில் வேரூன்றிற்று. இவ்விதியின் மறுதலையே நமது கவனத்துக்குரியது: உள்ளீடு வந்துகொண்டிருக்குமாயின் ஆள் இருக்கிறார். இம்மறுதலை உண்மையா என எவரும் அக்காலத்தில் ஆராய முற்படவில்லை. ஆராயவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 1992 இல் 'எனர்ஜி ஸ்ரார்' என்னும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கி, முதற்கண் கணினிகளையும் காட்சித்திரைகளையும் அதனுள் அடக்கியது. பயன்பாடின்றி நிற்கும் கணினி 30 வாட்டுக்கு மேற்படாத மின்னையே நுகரவேண்டும் என்பது அதன் தொடக்ககால நிபந்தனை. 1993 இல் அந்நாட்டு அரசு தன் திணைக்களங்கள் இத்தகைய கணினிகளையே கொள்வனவு செய்யவேண்டுமெனப் பணித்தமை உற்பத்தியாளரை விரைந்து இணங்கச் செய்தது. அதே 1992 இல் இன்டெல், மைக்ரோசொப்ட் ஆகிய நிறுவனங்கள் ஏ.பி.எம். எனும் மின்முகாமை முறையை வெளியிட்டன. 1996 டிசெம்பரில் அவ்விரு நிறுவனங்களும் தொஷிபாவும் கூடி ஏ.சி.பி.ஐ. எனும் விரிவான முறையை வகுத்தன. விழிப்பு, பலபடியான துயில், முற்றான நிறுத்தம் என்னும் நிலைகள் கணினிக்கு முறைப்படி வரையறுக்கப்பட்டதோடு, துயிலும் அதிகாரம் அடிப்படை நிரலிலிருந்து இயக்க முறைமையின் கைக்கு மாறிற்று.

யூ.எஸ்.பி. இணைப்பின் முதற்பதிப்பும் அதே 1996 ஆம் ஆண்டின் ஜனவரியிலேயே வெளிவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. விசைப்பலகைக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு வேறொன்று எனக் கணினியின் பின்புறம் பலவகைத் துளைகளால் நிறைந்திருந்த காலம் அது. ஏழு நிறுவனங்கள் கூடி அவை அனைத்துக்கும் ஈடான ஒரே இணைப்பை உருவாக்கின. இந்தியாவின் வடோதராவிற் பிறந்து, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்திற் கற்று, 1990 இல் இன்டெல் நிறுவனத்திற் சேர்ந்த அஜய் பட் இம்முயற்சியின் முன்னணியில் நின்றவர். 1998 இல் வெளியான திருத்திய பதிப்பும், அவ்வாண்டிலேயே பழைய துளைகளைக் கைவிட்டு வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் ஐமக் கணினியும் இவ்விணைப்பை உலகெங்கும் பரப்பின.

துயிலின் விதிகளும் இணைப்பின் விதிகளும் ஓராண்டிலேயே, ஓரளவுக்கு அதே நிறுவனங்களின் கைகளிலிருந்தே பிறந்தன. ஆயினும் அவற்றின் நோக்கங்கள் வேறாயிருந்தன. முன்னையது மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியையும் மின்கட்டணத்தையும் மனத்திற்கொண்டது. பின்னையது மேசைக்கணினிப் பயனாளரின் வசதியை மனத்திற்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்கொண்டபோதுதான் நாம் ஆராயும் கோளாறு தோன்றிற்று.

கோளாற்றை விளங்கிக்கொள்ள யூ.எஸ்.பி. இணைப்பின் உரையாடல் முறையை அறிதல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் அறிமுகப்படுத்திய பழைய முறையில், விசைப்பலகையோ சுட்டியோ சொல்வதற்கு ஏதேனும் இருந்தாற் தானே முன்வந்து கணினியைக் கூப்பிடும். யூ.எஸ்.பி. முறையில் கருவி தானாகப் பேசுவதில்லை. கணினியே குறித்த இடைவெளியில் ஒவ்வொரு கருவியையும் நோக்கி 'செய்தி உண்டா?' என வினவிக்கொண்டிருக்கும். சுட்டியை வினாடிக்கு 125 தடவை வினவுதல் வழக்கம். செய்தி இல்லையெனில் கருவி 'இல்லை' என விடையளிக்கும். இராக்காலத்தில் வாயிலிற் காவலிருப்பவன் ஒவ்வொரு கதவையும் ஓயாது தட்டிப் பார்ப்பதைப் போன்றது இது. எக்கதவும் திறவாவிடினும் காவலன் உறங்குவதற்கில்லை.

இதிலிருந்து மூவகைத் தடைகள் விளைந்தன. முதலாவது, கருவியின் நடுக்கம். விளையாட்டுப்பிடியின் தண்டு மின்தடையின் மாற்றத்தைக் கொண்டு தன் நிலையை அறிவிப்பது. அது பழுதுறும்போதும் தேயும்போதும், எவரும் தொடாவிடினும், அதன் அளவு சிறிதே ஏறியிறங்கும். ஒவ்வோர் ஏற்றவிறக்கமும் புதிய செய்தியாகச் செல்லும். 1999 இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஒளிச்சுட்டி வினாடிக்கு 1500 படங்களை ஒப்பிட்டு அசைவை அறிந்தது. இத்தகைய சுட்டியைப் பளபளப்பான மேசைப் பரப்பில் வைத்தால் அது இல்லாத அசைவையும் காணக்கூடும். 2006 முதல் சில விளையாட்டுப்பிடிகளில் அசைவுணரிகளும் சேர்க்கப்பட்டன. அவை இயல்பிலேயே ஓயாது பேசுபவை. இவ்வாறு வரும் செய்தியை ஆளின் செயலென இயக்க முறைமை கொள்ளுமாயின், ஓய்வுக்கான கடிகாரம் ஒவ்வொரு கணமும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது தடை இதனினும் நுட்பமானது. கருவி முற்றிலும் அமைதியாக இருப்பினும், வினவல் நிற்பதில்லை. தொடக்ககாலக் கட்டுப்படுத்திகள் வினவவேண்டிய பட்டியலை முதன்மை நினைவகத்திலிருந்து ஒவ்வொரு மில்லிவினாடியும் படித்தன. நினைவகம் இவ்வாறு படிக்கப்பட்டுக்கொண்டிருக்கையில் செயலி தன் ஆழ்ந்த ஓய்வுநிலைக்குச் செல்ல இயலாது. எனவே மடிக்கணினியிற் சுட்டியொன்றைச் செருகிய மாத்திரத்திலேயே மின்கலத்தின் ஆயுள் குறைந்தது. மூன்றாவது தடை, துயின்ற கணினியை எழுப்பும் உரிமை. விசையொன்றைத் தொட்டதும் கணினி விழிக்கவேண்டுமென்பதற்காகக் கருவிகளுக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டது. நடுக்கமுற்ற சுட்டி அவ்வுரிமையைத் தவறாகப் பயன்படுத்தி நள்ளிரவிற் கணினியை எழுப்பிவிடும்.

இத்தடைகளுக்கு மாற்றுக் காணும் முயற்சி பல ஆண்டுகள் நீடித்தது. 2001 இல் வெளிவந்த வின்டோஸ் எக்ஸ்.பி. முறைமை, பயன்படாத யூ.எஸ்.பி. கருவியை மட்டும் தனித்துத் துயிலச் செய்யும் வழியைத் திறந்தது. 2007 ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் லினக்ஸ் கருநிரல், வேலையில்லாத வேளையிலும் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த உட்கடிகாரத் துடிப்பை நிறுத்திவைக்கக் கற்றது. துடிப்பு நின்றதும், செயலியை உறங்கவிடாது எழுப்பிக்கொண்டிருந்த ஏனைய காரணிகள் வெளிப்படலாயின. அவற்றை எண்ணிப் பட்டியலிடும் பவர்ரொப் என்னும் கருவியை இன்டெல் நிறுவனத்தார் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். 2009 இல் வெளிவந்த வின்டோஸ் 7 முறைமையும், துயில மறுக்கும் யூ.எஸ்.பி. கருவிகளைப் பெயர்சுட்டிக் காட்டும் ஆய்வறிக்கையைத் தரலாயிற்று. 2010 இல் முழுமை பெற்ற புதிய கட்டுப்படுத்தி முறை, நினைவகத்தை ஓயாது படிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது.

ஆயினும் சிக்கல் முற்றாகத் தீரவில்லை. அதற்குக் காரணம் தொழினுட்பக் குறைபாடு மட்டுமன்று. சந்தையிலுள்ள எண்ணற்ற கருவிகளுட் சில, துயிலச் சொன்னால் துயிலும். எழச் சொன்னால் எழா. இதனை அனுபவத்திற் கண்ட லினக்ஸ் ஆக்குநர், இணைப்பு மையங்கள் நீங்கலாக ஏனைய கருவிகளுக்குத் தானியங்கித் துயிலை இயல்பில் வழங்காது விடுத்தனர். விசைப்பலகை எழாவிடின் பயனாளர் முறையிடுவார். மின் சிறிது வீணானால் அவர் அறியவும் மாட்டார். இவ்வகையில் அறியப்படாத வீண்செலவே அறியப்படும் இடையூற்றிலும் மேலானதாகத் தெரிவு செய்யப்பட்டது. இது பொறியியல் முடிவு மட்டுமன்று. செலவை யார் சுமப்பது என்பது பற்றிய முடிவுமாகும்.

அச்செலவை அளந்து பார்த்தல் பயனுடைத்து. ஜிந்துப்பிட்டியிலுள்ள ஓர் அச்சுக்கூடத்தின் கணினியும் திரையும் சேர்ந்து விழிப்பில் 60 வாட்டும் துயிலில் 3 வாட்டும் நுகர்வதாகக் கொள்வோம். மாலை ஆறு மணிக்குக் கடை பூட்டி மறுநாட் காலை எட்டு மணிக்குத் திறப்பரெனில், துயிலாத கணினி ஓரிரவில் வீணே நுகர்வது ஏறக்குறைய 0.8 அலகு. மாதத்தில் இது 24 அலகாகும். நமது வீட்டு மின்கட்டணப் பட்டியலின் முதற்படி 30 அலகு என்பதை நினைவிற் கொண்டால், வறிய குடும்பமொன்றின் மாத ஒளியளவை ஒரு பழுதுற்ற சுட்டி விழுங்கிவிடக்கூடும் என்பது தெளிவாகும்.

இந்நாட்டில் மின் எக்காலத்தும் எளிதிற் கிடைத்த பொருளன்று. கொழும்பின் மின்சார ட்ராம் வண்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் தொடங்கி 1960 வரை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை ஓடின. மலையக நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின் பெறலாமென விமலசுரேந்திர 1918 இல் எடுத்துக்காட்டியும், லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இலேயே. பின்னர் நீர் போதாமல் எரிநெய்யையும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரியையும் எரிக்க வேண்டியதாயிற்று. இவ்விரண்டும் அந்நியச் செலாவணி கொடுத்துப் பெறுபவை. அச்செலாவணி தீர்ந்தபோது, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின் துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. செல்வ நாடுகளின் ஆக்குநர் 'சிறிது வீணாதல்' எனக் கருதி விட்டுவைத்த ஒன்று, இறக்குமதி நிலக்கரியில் வாழும் நாட்டில் வேறு பொருள் பெற்றுவிடுகின்றது.

இனி, கோளாற்றைக் கண்டறியும் முறையைச் சிறிது நோக்குவோம். வரலாற்று மாணவர்க்கு அது அந்நியமானதன்று. முதலிற் கணினியையே வினவ வேண்டும். விழித்திருக்குமாறு கோரும் நிரல்களின் பட்டியலையும், இறுதியாக அதனை எழுப்பிய கருவியின் பெயரையும் வின்டோஸ் முறைமை தரும். ஆனால் அப்பட்டியல் வெறுமையாக இருத்தல் கருவிகள் குற்றமற்றவை என்பதற்குச் சான்றாகாது. நடுங்கும் சுட்டி எவ்விதக் கோரிக்கையும் விடுப்பதில்லை. கடிகாரத்தை மீளத் தொடக்குவதோடு அமைந்துவிடும். ஆவணத்தின் மௌனத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் வரலாற்று நெறி இங்கும் பொருந்துவதைக் காண்க. ஆகவே விலக்கல் முறையைக் கையாள வேண்டும். ஓய்வுக்குரிய நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது நீங்கியபோது திரை இருள்கிறது எனக் காத்திருந்து பார்த்தல் வேண்டும். ஒரே வேளையில் இரண்டைக் கழற்றினால் முடிபு ஐயத்துக்கிடமாகும். குற்றவாளி அகப்பட்டபின் அதனை மீளச் செருகி, கோளாறு திரும்புகிறதா என உறுதி செய்தல் வேண்டும். தற்செயல் ஒற்றுமையைக் காரணமென மயங்காதிருக்க இதுவே வழி.

பரிகாரமும் தடையின் வகைக்கேற்ப வேறுபடும். துயின்ற கணினியை எழுப்புவதாயின் அக்கருவியின் எழுப்பும் உரிமையை நீக்கிவிடலாம். ஒளிச்சுட்டியாயின் அதன் அடியில் மங்கலான தாளொன்றை விரித்தாற் பல வேளைகளிற் போதும். தண்டு நடுங்குவதாயின் சிற்றசைவுகளைப் பொருட்படுத்தாத எல்லையொன்றை வகுக்கலாம். லினக்ஸ் முறைமையின் உள்ளீட்டுப் பிரிவில் இதற்கென்றே ஓர் அளவை உண்டு. அசைவு வந்தது என்னும் செய்தியை ஏற்று, ஆள் இருக்கிறார் என்னும் முடிபை மறுப்பதே இவ்வெல்லையின் பணியாகும். செய்தியையும் முடிபையும் பிரித்த முத்தையாவின் நகரா விசைக்கும் இதற்கும் உள்ள உறவு ஆழ்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

இறுதியாகச் சமூகவியல் நோக்கிலும் ஒரு செய்தி கூறவேண்டியுள்ளது. 2020 இல் உலகெங்கும் வீட்டிலிருந்து பணிபுரியும் வழக்கம் பரவியபோது, பணியாளர் கணினி முன் இருக்கின்றனரா என்பதைச் சுட்டியின் அசைவைக்கொண்டே பல நிறுவனங்கள் கணித்தன. இதனை எதிர்கொள்ளச் சுட்டியை அசைப்பதற்கென்றே சிறு கருவிகள் விற்பனைக்கு வந்தன. விசைப்பலகைச் செயற்பாட்டைப் போலியாகக் காட்டினர் என்று அமெரிக்காவின் பெரிய வங்கியொன்று பத்துக்கும் மேற்பட்ட ஊழியரை நீக்கியமை 2024 ஜூனில் வெளிவந்தது. ஒரு காலத்திற் கோளாறு எனப்பட்டதே இப்போது விலைகொடுத்துப் பெறும் பண்டமாயிற்று. திரையைத் தழும்பினின்று காக்க எழுந்த எளிய விதியை, மனித உழைப்பை அளக்கும் கோலாக மாற்றியமையே இதற்குக் காரணம். சிந்தித்துக்கொண்டு அமைதியாக இருக்கும் மனிதனை இல்லாதவனெனவும், நடுங்கும் கருவியை உழைப்பவனெனவும் கணிக்கும் அளவுகோல், கணினியை அளப்பதற்கே போதாதது. மனிதனை அளப்பதற்கு அது எங்ஙனம் போதும்?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உறங்காக் கணினியின் கோளாறு ஒரு கருவியின் தனிப்பிழையன்று என்பது பெறப்படும். கருவி, இணைப்பு, இயக்க முறைமை ஆகிய மூன்றும் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு நோக்கங்களுடன் உருவாகி, ஓய்வு பற்றிய உடன்பாட்டைக் காலந்தாழ்த்தியே எய்தின. அவ்வுடன்பாடு இன்னும் நிறைவுறவில்லை. அது நிறைவுறாமையின் விலையை வகுத்தோர் செலுத்துவதில்லை. ஜிந்துப்பிட்டியின் சிறு அச்சுக்கூடங்கள் போன்றவையே செலுத்துகின்றன. தமிழில் உள்ளீட்டு முறைகளைப் பற்றி ஆராயும் நம் மாணவர், எவ்வெழுத்துக்கு எவ்விசை என்பதோடு அமையாது, விசைகள் அமைதியுறும் வேளையிற் பொறி என்ன செய்கிறது என்பதையும் தம் ஆய்வெல்லைக்குட் கொண்டுவருதல் வேண்டும்.